இருமொளியா, மும்மொளியா? – ஓர் ஆய்வு

மூடிய கையில் முன்னே துருத்தும் விரல் மொளிகள் நான்கு. குத்தும்போது எதிராளியின் மேனியை முதலில் தொடும் தகுதி அவற்றுள் எதற்கு உண்டு என்பதே இவ்வாய்வின் பொருள். ஆய்வெல்லை மணிக்கட்டோடு முடிகிறது. குத்து வாங்கியவரின் கருத்து துணைமைத் தரவாகவே கொள்ளப்பட்டது. பெரும்பாலும் அவர் தெளிவாகப் பேசும் நிலையில் இருப்பதில்லை.

முதற்கண் கட்டைவிரல். அதை மற்ற விரல்களுக்குள் பொதிந்து குத்துவது குழந்தைகள் மரபு. ஓங்கி ஒன்று விட்டால் விரல் பிசகி, மரபு அங்கேயே முற்றுப்பெறும். எனவே நால்விரலையும் நுனியிலிருந்து சுருட்டி உள்ளங்கையில் இறுக்கி, கட்டைவிரலை ஆட்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றின்மேல் குறுக்கே சாத்துக. உடன்பாடு இத்துடன் சரி.

ஒகினாவாவின் கராத்தே ஆசான்கள் இருமொளிக் கொள்கையினர். ஆட்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றின் மொளிகளே படவேண்டும் என்பது அவர்கள் கட்சி. இதற்கென்றே வைக்கோல் கயிறு சுற்றிய மக்கிவாரா என்னும் கம்பத்தை நாள்தோறும் குத்தி, அவ்விடத்தைக் காய்ப்பேற்றிக்கொள்வர். ஹாங்காங்கில் இப் மேன் கற்பித்த விங் சுன் மரபினரோ மும்மொளிக் கொள்கையினர். முஷ்டியைச் செங்குத்தாக நிறுத்திக் கடைசி மூன்று மொளிகளால் குத்துவர். அவர்களுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு சாட்சி உண்டு. 1919 முதல் 1926 வரை உலக ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்த ஜாக் டெம்ப்சி, 1950-இல் வெளியிட்ட நூலில், குத்தின் வலிமை தோளிலிருந்து சுண்டுவிரல் மொளிக்கு நேர்கோடாக ஓடுகிறது என்கிறார். கிளவுஸ் மாட்டியவர் எந்த மொளியையும் சிபாரிசு செய்யலாம் என்று இருமொளியார் மறுப்பர்.

உடற்கூறு இருமொளியார் பக்கமே சாய்கிறது. வலக்கையைத் தளர மூடி, சுண்டுவிரல் மொளியை இடக்கையால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்க. புறங்கை எலும்பு சேர்ந்து ஆடும். நடுவிரல் மொளியை ஆட்டினால் அசையாது; அதன் எலும்பும் ஆட்காட்டி விரலின் எலும்பும் மணிக்கட்டோடு இறுகப் பொருந்தியவை. (ஆய்வாளர் இச்சோதனையை டவுன் பஸ்ஸில் செய்துபார்த்ததில் பக்கத்து இருக்கை காலியாயிற்று.)

யூட்டா பல்கலைக்கழகத்தார் 2015-இல் இன்னும் ஒரு படி மேலே போயினர். இறந்தோரின் கைகளில் தசைநாண்களோடு மீன்பிடி நரம்பைக் கட்டி, கிடாரின் முறுக்காணிகளால் விரல்களை மடக்கி, ஊசல்போல் வீசிக் குத்தவிட்டார்கள். கட்டைவிரல் அண்டை கொடுத்து இறுக மூடிய முஷ்டியால், தளர்ந்த முஷ்டியைவிட 55 விழுக்காடு கூடுதல் விசையோடு பழுதின்றிக் குத்தலாம் என்பது முடிவு. எம் நெறியாளர் இத்தகைய சோதனைக்கு இசையாமையால் இவ்வாய்வில் உயிருள்ள கைகளே பயன்பட்டன.

இனி எதிராளி. சுண்டுவிரலுக்கு நேரான புறங்கை எலும்பு தன் கழுத்துப் பகுதியில் முறிவதை மருத்துவர்கள் பாக்ஸர் முறிவு என்பர். பெயர்தான் பாக்ஸருக்கு. அடிபட்டு வருவோரில் பலர் வாழ்நாளில் கிளவுஸ் தொடாதவர்கள். கோபத்தில் சுவரையோ கதவையோ குத்தியவர்கள். பயிற்சியில்லாதவர் வீசிக் குத்துகையில் கை வளைந்து வந்து சுண்டுவிரல் பக்கமே முதலில் படுகிறது. சுவர் விலகுவதும் இல்லை. இருமொளியார் இதைத் தம் கொள்கைக்குச் சான்றாகக் காட்டுவர். மும்மொளியாரோ, ‘அவர் எங்களிடம் பயின்றவரல்லர்’ என்று ஒதுங்கிவிடுவர்.

மேலாய்வுக்கு இடமுண்டு. ஆனால் களத்தரவு திரட்டுவது கடினம். மாவுக்கட்டோடு இருப்பவரைக் கேட்டால் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகவே சொல்வார். வீட்டம்மாவைக் கேட்டால் எந்தச் சுவர், எந்தக் கிழமை, யார் வீட்டுக் கல்யாணப் பேச்சில் தொடங்கியது என்பதுவரை கிடைக்கும். எந்த மொளி முதலில் பட்டது என்பதை மட்டும் அவர் கவனித்திருக்கமாட்டார்.