தாத்தாவுக்கு நடுவில் ஒரு த்

வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், சந்தைக்குப் போனால் கன்னடமும் காதில் விழும். வேப்பனப்பள்ளியில் நாங்கள் அப்படித்தான் வளர்ந்தோம். இரண்டாம் வகுப்பில் சிலேட்டில் 'தாதா' என்று எழுதிக் கொண்டுபோய் நீட்டினேன். தெலுங்கில் தாத்தாவுக்கு நடுவில் ஒற்றைத் தகரம்தான், ஆனாலும் வல்லெழுத்தாகவே ஒலிக்கும். தமிழில் அந்த ஒலி வேண்டுமென்றால் முன்னால் ஒரு 'த்' நிற்க வேண்டும். இல்லாவிட்டால் குழைந்துவிடும். பாடு, பாட்டு, படு, பட்டு என எல்லாம் அந்தக் கணக்குத்தான்.

சார் அடிக்கவில்லை. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடிக்கச் சொன்னார். "மெதுவா சொல்லு, தாத்..." நாக்கு பல்லில் ஒட்டிக்கொண்டது. கையில் காற்றே படவில்லை. "மூச்சு நின்னுச்சா? அந்த இடத்துலதான்டா புள்ளி." தா, இத்து, தா என்று கூட்டிப் படித்துவிட்டு எழுதினேன். புள்ளியைத் தகரத்துக்குக் கீழே வைத்தேன். எங்கள் பாட்டி தெலுங்கில் 'அக்கா' எழுதும்போது இரண்டாவது ககரம் முதலாவதன் காலடியில்தான் தொங்கும். அதற்கு ஒத்து என்று பெயர். புள்ளி தலைக்கு ஏற எனக்கு ஒரு வாரம் ஆனது.

எங்கள் ஊர்ப் பெயரிலேயே மூன்று இரட்டிப்பு. அதை ஒருவன் தப்பில்லாமல் எழுதிவிட்டால் அன்று அவன்தான் வகுப்பில் ராஜா. சட்டமன்றத் தொகுதியின் பெயரோ வேப்பனஹள்ளி. தமிழின் பள்ளி, பால் எல்லாம் கன்னடத்தில் ஹள்ளி, ஹாலு. எல்லை ஊர்க்காரர்களுக்கு இரண்டும் சொந்தம்தான்.

இப்போது மாலையில் நாலைந்து பிள்ளைகள் என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பள்ளியில் அவர்களுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லித் தருகிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது, பின்தங்கிய பிள்ளையை அவன் நிற்கும் இடத்திலேயே போய்ப் பிடிக்கலாம். அந்தக் காலத்தில் நாங்கள் 'இஸ்கூலு' என்றுதான் சொன்னோம். தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது; அந்தப் பழக்கம் நாக்கில் இருந்தது. இந்தப் பிள்ளைகள் ஸ்கூல், ட்ரீ, ப்ளூ என்று சறுக்கிக்கொண்டு போகிறார்கள். ஆனால் 'பார்த்தான்' வந்தால் நிற்கிறார்கள். ய், ர், ழ் மூன்றுக்குப் பின்னால்தான் தமிழில் இன்னொரு புள்ளியெழுத்தும் அடுத்த மெய்யும் சேர்ந்து வரும். அங்கே நாக்கு இரண்டு முறை நிற்க வேண்டும். வேகமாகப் படிக்கிற பிள்ளை 'பாத்தான்' என்று தாண்டிவிடுகிறது. நான் விடுவதில்லை.

போன மாதம் ஒரு பையன் கிழவர் படத்துக்குக் கீழே 'தாதா' என்று எழுதினான். கிரானைட் வேலைக்கு வடக்கிலிருந்து வந்த குடும்பம். இந்தியில் அப்பாவின் அப்பா தாதாதான். அவன் எழுத்தில் பிழையே இல்லை. அவன் உள்ளங்கையைப் பிடித்து வாய்க்கு முன்னால் வைத்தேன். இரண்டையும் சொல்லச் சொன்னேன். சொல்லிப் பார்த்தான், இரண்டையும் எழுதினான், பிறகு எனக்கே விளக்கினான்:

"தாதா ஊர்ல இருக்காரு. தாத்தா டீக்கடையில இருக்காரு."