முத்தநாதன் கொண்டுவந்த மூட்டை

ஊர் பேர் கேட்காமல் சோறு போடுவது குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக்குப் புதிதல்ல. வடலூரில் 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. ஆனால் பந்தியிலிருந்து எழுந்தவர் நேரே உக்கிராணத்துக்குள் நடந்தால் கரண்டியோடு வழிமறிப்பார்கள். லினக்ஸின் மையமான கெர்னலின் கொள்கையும் அதுதான்: சாதாரண புரோகிராம்கள் ஓடும் யூசர்ஸ்பேஸில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம், அங்கிருந்து உள்ளே வருவதை மட்டும் பிரித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

அப்படி வாங்கி மாட்டியவர்களில் மூத்தவர், பெண்ணையாற்றங்கரைத் திருக்கோவிலூர் ராஜா மெய்ப்பொருளார். சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேற்றிய கதைகளில் இதுவும் ஒன்று. அவர் உருகிச் சொன்னதை நான் செக்யூரிட்டி ரிப்போர்ட்டாகப் படிக்கிறேன், அடியார்கள் மன்னிக்க.

மெய்ப்பொருளாரிடம் சண்டையில் தோற்றுத் தோற்று அலுத்த முத்தநாதன், உடம்பெல்லாம் நீறு பூசி, சடை முடிந்து, கையில் புத்தக மூட்டையோடு வந்தான். மூட்டைக்குள் கத்தி. வாசலுக்கு வாசல் காவலர்கள் நீற்றைப் பார்த்தார்கள், கும்பிட்டார்கள், விட்டார்கள். கடைசி வாசல் காவலன் தத்தன் மட்டும், "ராஜா தூங்குகிறார் சாமி, நேரம் பார்த்து வாருங்கள்" என்றான். பாவம், அவனும் கேட்டது நேரத்தைத்தான். மூட்டையை அவிழ்க்கச் சொல்லவில்லை. அவனை மீறி உள்ளே போன முத்தநாதன், "எங்குமே கிடைக்காத ஆகமம், சிவனே சொன்னது, ராணி வெளியே போனால்தான் பிரிப்பேன்" என்றான். இதற்குப் பிறகும் சந்தேகம் வராத ராஜா, அவனை உயரத்தில் உட்காரவைத்து, தான் தரையில் உட்கார்ந்து தலை வணங்கினார். மூட்டை அவிழ்ந்தது, கத்தி இறங்கியது. வாளோடு பாய்ந்த தத்தனையும், "நம்ம ஆள்டா" என்று தடுத்து, ஊர் எல்லைவரை பத்திரமாகக் கொண்டுவிடச் சொன்னார். ஊடுருவியவனுக்கு வழித்துணை கொடுத்த சிஸ்டம் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

2003 நவம்பரில் இதே கூத்து, லினக்ஸ் தொகுப்பான டெபியனின் சர்வர்களில் நடந்தது. நீற்றுக்குப் பதில் ஒரு டெவலப்பரிடம் திருடிய பாஸ்வேர்ட். கத்தி இருந்தது மெமரி கேட்கும் விண்ணப்பத்தில். கெர்னலின் விர்ச்சுவல் மெமரிப் பகுதியில் டூ_பிரேக் என்று ஒரு ஃபங்ஷன். புரோகிராம் கேட்கும் மெமரியின் தொடக்க முகவரியோடு, கேட்ட நீளத்தையும் கூட்டி, எல்லை தாண்டுகிறதா என்று அது பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. 32 பிட் இன்டெல் கணினியில் அந்த எல்லை வழக்கமாக 3 ஜிபி. அதற்கு மேல் கெர்னலின் இடம், ராஜாவின் படுக்கையறை. வந்தவன் அதையும் தன் மனையோடு சேர்த்துப் பட்டா போட்டுக்கொண்டான்.

இங்கேயும் ஒரு தத்தன் உண்டு. ஆண்ட்ரூ மார்ட்டன் செப்டம்பரிலேயே ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அடைத்த கெர்னல், 2.4.23, வெளிவந்தது நவம்பர் 28. திருடன் வந்தது 19. அடைத்தது ஒரே ஒரு நிபந்தனை: கூட்டுத்தொகை எல்லையைத் தாண்டினாலோ, தொடக்க முகவரியைவிடச் சிறிதாக வந்தாலோ செல்லாது. கூட்டினால் எப்படிச் சிறிதாகும் என்கிறீர்களா? 32 பிட்டில் இடம் போதாமல் எண் ஒரு சுற்று சுற்றி, சுழியத்துக்குப் பக்கத்தில் வந்து அப்பாவியாக நிற்கும். நீறு பூசிய எண்.

டெபியன்காரர்கள் யாரையும் வழியனுப்பவில்லை. டெவலப்பர்களின் பாஸ்வேர்டுகளை முடக்கி, சர்வர்களைத் துடைத்து மறுபடி நிறுவினார்கள். மெய்ப்பொருளாருக்கு நாயனார் பட்டம் கிடைத்தது. டூ_பிரேக்குக்குக் கிடைத்தது ஓட்டைகளுக்குத் தரும் பதிவெண், சிவிஇ-2003-0961.