மரக்காசுக்காரர்

அமெரிக்காவில் எந்த ஊரில் நாணயக் கண்காட்சி நடந்தாலும் அவர் இருப்பார். தங்கக்காசு மேசைகளில் கூட்டம் மொய்க்கும். அந்தப் பக்கம் தலையைக்கூடத் திருப்பமாட்டார். கடைசி வரிசையில், பழைய ஒரு சென்ட் காசுகளை அட்டைப்பெட்டியில் கொட்டி வைத்திருக்கும் மேசை ஒன்று இருக்குமே, அங்கே கழுத்தில் லென்ஸ் தொங்க, அரிசியில் கல் பொறுக்குகிற சிரத்தையோடு குனிந்திருப்பார். அவர் தேடுவது மரம். செம்புக்காசுக்குள் மரம்.

இந்த இனத்தைச் சேர்ந்த ஒருவர் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரராக வாய்த்தார். முதல் நாளே உள்ளே அழைத்து, மேசை விளக்கைச் சாய்த்து, கறுப்புத் துணியில் ஒரு காசை வைத்தார். பெண் பார்க்கப் போனவன்போல நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். 1909ஆம் ஆண்டு லிங்கன் சென்ட். லிங்கனின் நெற்றியிலிருந்து தாடிவரை பழுப்பும் வெளிர் மஞ்சளுமாகக் கோடுகள் ஓடின. தேக்குப் பலகையை இழைத்தால் தெரியுமே, அதே ரேகை.

"அழுக்குப் பிடித்திருக்கிறது. புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும்" என்றேன், நல்லெண்ணத்தில்.

காசு மறைந்தது. விளக்கு அணைந்தது. இரண்டு வாரம் பேச்சு இல்லை. அந்த ஊர்ப் பிள்ளைகள் செம்புக்காசில் தக்காளிக் கெட்சப் பூசித் தேய்த்துப் பளபளக்க வைத்து விளையாடுவார்கள் என்பதும், அந்தப் பாட்டிலைப் பார்த்தாலே இவருக்கு ரத்தம் கொதிக்கும் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

சமாதானம் ஆனதும் பாடம் எடுத்தார். அந்தக் காலத்துச் சென்ட்டில் 95 சதவீதம் செம்பு. மீதி 5 சதவீதம் வெள்ளீயமும் துத்தநாகமும். உருக்கி, நன்றாகக் கலக்கி, பாளமாக வார்த்து, உருளைகளுக்கு நடுவே விட்டு விட்டுத் தகடாக்கி, வில்லை வெட்டி, அச்சடிக்க வேண்டும். சில சமயம் கலக்குவதில் கோட்டை விட்டுவிடுவார்கள். கலக்காமல் நின்ற திட்டுகள் உருளைக்குள் போகும்போது நீண்டு நீண்டு கோடாகிவிடும். கூத்து என்னவென்றால், அச்சிலிருந்து விழும்போது காசு ஒரே சிவப்பாகத்தான் இருக்கும். தப்பு கண்ணுக்குத் தெரியாது. காற்றுப் பட்டு வருஷக்கணக்கில் நிறம் மங்கும்போது ஒவ்வொரு கோடும் தன் பங்குக்கு ஒவ்வொரு விதமாகக் கறுக்கும். அப்போதுதான் குட்டு வெளிப்படும். அதற்குள் கலக்க மறந்த ஆசாமி வேலையிலிருந்தே ஓய்வு பெற்றிருப்பார்.

சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையில், முக்கியமாக 1909ஐ ஒட்டிய வருஷங்களில், இந்தக் கைங்கரியம் நிறையவே நடந்திருக்கிறது. ஆகவே தேதிக்குக் கீழே 'எஸ்' என்ற சின்ன எழுத்தைக் கண்டால் இவருக்கு மூச்சு நின்றுவிடும். நிற்பதும் நல்லதுதான், காசுக்கு நேராக வாயைத் திறந்தால் எச்சில் தெறித்துக் கரும்புள்ளி விழுமாம். மனைவி ஏதாவது கேட்டால் பதில் வர ஐந்து நிமிஷம் ஆவதற்கு அவர் சொல்லும் காரணம் இதுவே.

ரசனையிலும் கறார். கோடுகள் திட்டமாக இருக்க வேண்டும், முகத்தில் ஓட வேண்டும், முக்கியமாக மறுபக்கத்திலும் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இருந்தால், "பாதி மரம்" என்று உதட்டைப் பிதுக்குவார். லிங்கன் இளமையில் மரம் பிளந்து வேலிக்கட்டை செய்தவர் அல்லவா, அவர் முகத்துக்கு மரத்தோல் பொருத்தம்தானே என்பார். இதை எனக்கு மட்டும் பதினோரு தடவை சொல்லியிருக்கிறார்.

1909இல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்து, வடிவமைத்தவரின் 'வி.டி.பி.' முதலெழுத்துகள் பின்பக்கம் பொறித்த காசு மொத்தம் 4,84,000தான். மற்ற சேகரிப்பாளர்கள் அதற்காகச் சொத்தை விற்பார்கள். இவருக்கோ கோடில்லாமல் அதைச் சும்மா கொடுத்தாலும் முகம் மலராது. கோடோடு ஒன்று கனவில் வருகிறதாம். கையை நீட்டினால் மனைவி எழுப்பிவிடுகிறாராம்.

போர்க்காலத்தில், 1943இல், எஃகில் அடித்த சென்ட்டை இவர் காசாகவே மதிப்பதில்லை. 1982இல் செம்பு போய், துத்தநாகத்துக்கு மேலே செம்பு முலாம் வந்தது பெரிய துக்கம். முலாமில் எதைக் கலக்குவது, எதைக் கலக்காமல் விடுவது? 2025 நவம்பரில் புழக்கத்துக்கான கடைசிச் சென்ட்டை பிலடெல்பியாவில் அடித்தபோது துக்கம் விசாரிக்கப் போனேன். "அது செத்து நாற்பத்து மூன்று வருஷம் ஆயிற்று. இவர்கள் இப்போதுதான் எடுக்கிறார்கள்" என்றார்.

யாரோ ஒரு தொழிலாளியின் அசட்டையை இப்படிக் கொண்டாடுகிறவர் வீட்டில் எப்படி இருப்பார்? சட்டையில் ஒரு சுருக்கம் தாங்கமாட்டார். புல்வெட்டுகிற பையன் ஒரு கீற்று விட்டுவிட்டால் காசைப் பிடித்துக்கொள்வார். போன ஞாயிற்றுக்கிழமை காலைப் பலகாரத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அம்மையார் பான்கேக்கை எடுத்துவந்து வைத்தார். மாவைச் சரியாகக் கலக்கவில்லை. பழுப்புக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக மாவு இழுத்துக்கொண்டு நின்றது.

"இதைக் கலக்கக்கூட நேரமில்லையா?" என்று சீறினார்.

"அப்படியே வைத்திருங்கள். நூறு வருஷத்தில் விலை ஏறும்" என்றார் அம்மையார்.

அவர் பேசவில்லை. முள்கரண்டியால் மெல்லத் தூக்கி அடியைப் பார்த்தார்.

மறுபக்கத்திலும் கோடு இருந்தது.