பின்னாலிருந்து படிக்கிறவர்

எந்த ஆய்வேட்டைக் கையில் கொடுத்தாலும் அவர் கடைசிப் பக்கத்திலிருந்துதான் திறப்பார். மலைக்கிராமப் பள்ளிகளுக்கு ஐந்து வருடம் நடையாய் நடந்து அதை எழுதிய பெண் என்ன கண்டுபிடித்தாள் என்பதெல்லாம் அப்புறம். முதலில் துணைநூற்பட்டியல். சிவப்புப் பேனாவின் மூடி கழன்றால், எங்கோ ஒரு காற்புள்ளி சிக்கிவிட்டது என்று அர்த்தம்.

பல்கலைக்கழகத்துக்கு ஒருவராவது இப்படி உண்டு. கல்வியியல், உளவியல் பக்கம் என்றால் ஏ.பி.ஏ. என்ற மேற்கோள் முறைக்கு அவர்தான் பூசாரி. அடுத்த கட்டடத்து ஆங்கிலத் துறையில் எம்.எல்.ஏ. முறை. அந்த எம்.எல்.ஏ.வின் எட்டாம் பதிப்பு 2016இல் வந்தது, ஒன்பதாம் பதிப்பு 2021இல். இரண்டுமே தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல் நடந்த வருடங்கள். தற்செயல்தான், ஆனாலும் பழைய எம்.எல்.ஏ.வை நம்பியிருந்தவர்கள் பாடு இரண்டு இடத்திலும் திண்டாட்டம்.

ஏ.பி.ஏ. 1929இல் பிறந்தபோது ஏழே பக்கம், ஓர் இதழில் வந்த கட்டுரை. விதியை மீற வேண்டிய இடங்களும் வரும் என்று அதை எழுதியவர்களே சொல்லிவைத்தார்கள். ஏழாம் பதிப்பு 400 பக்கத்தைத் தாண்டிவிட்டது. நம்மவர் படிக்காமல் விட்டது அந்த ஏழு பக்கத்தைத்தான்.

வெகுகாலம் அவர் கையிலிருந்த பிரம்மாஸ்திரம் ஒரே கேள்வி: "பதிப்பகம் இருக்கு, ஊர் எங்கேம்மா?" அந்த ஊருக்காக ஓர் ஆய்வேடு மூன்று முறை பைண்டிங் கடைக்குப் போய் வந்தது. 2019இல் ஏழாம் பதிப்பு வந்து, வெளியீட்டு ஊரே வேண்டாம் என்றது. அதே நாற்காலி, அதே பேனா: "ஊரை யாரும்மா எழுதச் சொன்னா?" 2024இல் சிகாகோ முறையும் ஊரைக் கைகழுவியதும் அவருக்கு ஏதோ தன் வழக்கு ஜெயித்த மாதிரி.

அவரையே மடக்கிய விதி ஒன்று உண்டு. குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயர் ஓரெழுத்தாய்ச் சுருங்கிப் பின்னால். இனிஷியலோடு வாழ்கிறவர் குடும்பப் பெயருக்கு எங்கே போவார்? வெளிநாட்டு இதழின் படிவம் அந்தக் கட்டத்தைக் காலியாக விட மறுத்தது. அப்பா பெயரை எழுதினார். அன்றிலிருந்து, மளிகைக் கடை வைத்திருந்த, எட்டாம் வகுப்பைத் தாண்டாத அப்பாவைத்தான் அறிஞர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். மகன் ஓர் எழுத்தாக ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

"அப்பா பேரைக் காப்பாத்திட்டீங்க சார்" என்றாள் ஒரு மாணவி, தன் பட்டியலில் அந்த வரியைக் காட்டி.

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். இனிஷியலுக்குப் பின்னால் புள்ளி விட்டுப்போயிருந்தது. பேனா மூடி கழன்றது.