கோர் மாற்றியது போதும், மீற்றரை எடுங்கள்

கேள்வி: ஒன்றரை வருடத்தில் மூன்று ஹீட்டர் கோர் மாற்றிவிட்டேன். முதலாவது பஞ்சிகாவத்தையில் வாங்கிய ரிக்கண்டிஷன். இரண்டாவது புதிது. மூன்றாவது அதைவிட விலை கூடிய புதிது. மூன்றும் ஒழுகிவிட்டன. நல்ல ஜப்பான் டபுள் கெப். யாராவது செய்வினை வைத்திருப்பார்களோ?
— கெப்காரர், கினிகத்தேனை

பதில்: வைத்திருக்கிறார்கள். எலுமிச்சம்பழத்தால் அல்ல, ஒரு போல்ட்டை இறுக்க மறந்து!

முதல் கோர் போனால் வயது என்று விட்டுவிடலாம். இரண்டாவது போனால் கடைக்காரரைத் திட்டலாம். மூன்றாவதும் போனால் கோரைக் குற்றம் சொல்லாதீர்கள் ஐயா. டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் அந்தக் குட்டி ரேடியேட்டரின் தகடு கூலிங் சிஸ்டத்திலேயே மெல்லியவற்றில் ஒன்று. கூலிங் சிஸ்டத்தில் கோளாறு இருந்தால் பெரும்பாலும் முதலில் பொத்துக்கொள்வது அதுதான்.

நீங்கள் செய்யாமல் விட்ட ஒரு வேலை: கழற்றிய பழைய கோரை கராஜ் பாஸிடமிருந்து திருப்பி வாங்கவில்லை. அது பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டது, சாட்சியும் கூடவே போய்விட்டது. அடுத்ததையாவது கையில் வாங்கி வெளிச்சத்தில் பாருங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக ஊசிமுனை ஓட்டைகள், உள்ளிருந்து அரித்த மாதிரி இருந்தால் திரியும் மின்சாரம், இல்லையென்றால் செத்துப்போன கூலண்ட். தொட்டி உப்பி, விளிம்பு பிரிந்திருந்தால் அழுத்தம். குழாயின் கழுத்தில் வெடிப்பு என்றால் ஹோஸைப் பிடித்து முறுக்கிய கை, அல்லது மவுண்ட் தேய்ந்து ஆடும் என்ஜின். தண்ணீர் நுழையும் வாய் உட்புறம் தேய்ந்து வழவழப்பாக இருந்தால் தண்ணீர் தேவைக்கு மேல் வேகமாக ஓடுகிறது. சில அமெரிக்கப் பிக்கப்களில் இந்த வேகத்தைக் குறைக்கவே ஹீட்டர் ஹோஸுக்குள் துவாரம் சிறுத்த ஒரு துண்டை வைத்து அனுப்புவார்கள். ஹோஸ் மாற்றும்போது அது பழைய ஹோஸோடு குப்பைக்குப் போய்விடும்.

உங்களுடையது எந்த ஓட்டை என்று எழுதவில்லை. ஆனால் மூன்று என்கிறீர்கள், அதுவும் அடுத்தடுத்து. என் சந்தேகம் மின்சாரத்தின் மேல்தான்.

கேள்வி: தண்ணீருக்குள் மின்சாரமா? லக்சபான மின்நிலையம் பக்கத்தில் இருப்பதாலா?
— நோட்டன் பிரிட்ஜ் வாசகர்

பதில்: லக்சபான மின்சாரம் கம்பியில் கொழும்புக்குப் போகிறது, உங்கள் பொனட்டுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. இது உங்கள் சொந்த 12 வோல்ட்.

டீசல் வண்டியின் ஸ்டார்ட்டர் சுழலும்போது நூற்றுக்கணக்கான ஆம்பியர் பற்றரியிலிருந்து கிளம்புகிறது. கிளம்பியது அத்தனையும் பற்றரிக்கே திரும்பியாக வேண்டும். என்ஜினையும் பொடியையும் பற்றரியின் நெகட்டிவ்வோடு இணைக்கும் ஏர்த் பட்டி நன்றாக இருந்தால் அது ராஜபாட்டையாகத் திரும்பிவிடும். நம் பக்கத்து மழைக்கு அந்தப் பின்னல் பட்டி என்ன ஆகிறது என்று குனிந்து பாருங்கள்: முனையில் பச்சைப் பூப்பு, போல்ட்டுக்கடியில் துரு, பாதி இழைகள் அறுந்து தாடியாகத் தொங்கும். சில வண்டிகளில் அதுகூட இராது. கியர்பொக்ஸ் இறக்கிய நாளில் கழற்றியதை ஏற்றிய நாளில் பூட்ட மறந்திருப்பார்கள்.

வழி அடைபட்டால் மின்சாரம் சந்துபொந்தெல்லாம் தேடும். எக்ஸிலேட்டர் கேபிள், கியர் கேபிள், கடைசியில் கூலண்ட். உலோகத்திலிருந்து கூலண்டுக்குள் மின்சாரம் இறங்கும் இடத்தில் உலோகமும் கூடவே கரைகிறது. அந்த இடம் தடித்த வார்ப்பிரும்பு புளொக் என்றால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. மெல்லிய அலுமினிய கோர் என்றால் சில மாதங்களில் கால் நனையும்.

கேள்வி: எப்படிக் கண்டுபிடிப்பது? மீற்றர் இருக்கிறது, பொறுமைதான் இல்லை.
— வட்டவளை

பதில்: பொறுமையை இரவல் வாங்குங்கள் தம்பி. ஆறிய என்ஜின், அது முதல் நிபந்தனை. ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். மீற்றரை டிசி வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை பற்றரியின் நெகட்டிவ்வில். சிவப்பு முனை கூலண்டுக்குள், உலோகம் எதிலும் படாமல்.

எல்லாம் அணைந்திருக்கும்போது என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து, ஒருவரை ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொல்லுங்கள். சேலைத் தலைப்பும் சாரமும் ஃபேன் பக்கம் வேண்டாம். சுழலும் நேரத்தில் எண் துள்ளினால் என்ஜின் ஏர்த்தில் பழுது. துள்ளவில்லையா? ஹெட்லைட், புளோவர், ஏசி, ஹோர்ன், பாட்டுப் பெட்டி என்று ஒவ்வொன்றாகப் போட்டு அணையுங்கள். எதைப் போட்டதும் எண் ஏறுகிறதோ அதன் ஏர்த் வயரைத் தேடுங்கள். வாங்கிய பிறகு நாமாகப் பூட்டிய பனி லைட்டிலும் பாட்டுப் பெட்டியிலும்தான் பெரும்பாலும் மாட்டும். கைக்குக் கிடைத்த போல்ட்டில் ஏர்த்தைச் சுற்றிவிட்டுப் போவது நம் ஊர் வயரிங்கின் தனி முத்திரை.

0.1 வோல்ட்டுக்குக் கீழே என்றால் நிம்மதி. 0.3ஐத் தாண்டினால் பஞ்சிகாவத்தைக் கடைக்காரர் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் நாள் தூரத்தில் இல்லை.

கையோடு இன்னொன்றும் பாருங்கள். ஜம்ப் வயர் ஒன்றால் பற்றரி நெகட்டிவ்வையும் என்ஜின் புளொக்கையும் நேரடியாக இணைத்து மறுபடி சுழற்றுங்கள். துள்ளிய எண் அடங்கிவிட்டால் கள்ளன் பிடிபட்டான். புதுப் பட்டி ஒன்று, உப்புத்தாள் தேய்ப்பு, நல்ல இறுக்கு. மூன்று கோர் வாங்கிய காசில் ஒரு மூலைக்கும் காணாது.

கடைசியாக பற்றரியைக் கழற்றி வைத்துவிட்டு, கறுப்பு முனையை என்ஜின் உலோகத்தில் வைத்துப் பாருங்கள். அப்போதும் எண் குறையாவிட்டால் குற்றவாளி வயர் அல்ல, கூலண்ட். அரிப்புத் தடுக்கும் மருந்து தீர்ந்து, அதுவே ஒரு பலவீனமான பற்றரியாகிவிட்டது. முழுதாக இறக்கி, அலசி, புதிதாக ஊற்ற வேண்டும்.

கேள்வி: கோருக்கே ஒரு தனி ஏர்த் வயர் கொடுத்துவிட்டால்?
— அதே வட்டவளைக்காரர்

பதில்: வீட்டுக் கதவு சரியில்லை என்று கள்ளனுக்கு ஜன்னலைத் திறந்து விடுகிறீர்கள். கதவைச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: துத்தநாகத் துண்டு தொங்கும் ரேடியேட்டர் மூடி ஒன்றைக் கடையில் காட்டினார்கள். அரிப்பு எல்லாம் துத்தநாகத்துக்கே போய்விடுமாம். வாங்கலாமா?
— தலவாக்கலை

பதில்: யோசனை பழையது. 1824இல் ஹம்ப்ரி டேவி என்ற விஞ்ஞானி, பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடியில் அறைந்த செப்புத் தகடு கடல்நீரில் கரையாமலிருக்க அதோடு துத்தநாகத்தையும் இரும்பையும் பொருத்தினார். செப்பு கரைவது நின்றது. ஆனால் கரைந்த செப்புதான் அதுவரை சிப்பிகளை அண்டவிடாமல் விரட்டிக்கொண்டிருந்தது. செப்பு பிழைத்ததும் கப்பலின் அடி முழுக்கச் சிப்பி குடியேற, கப்பல் நகரவே சிணுங்கியது. கடற்படை அந்தத் துண்டுகளைக் கழற்றிவிட்டது.

உங்கள் ரேடியேட்டரில் சிப்பி வராது, பயப்படாதீர்கள். கெட்ட கூலண்டின் அரிப்பை அந்த மூடி கொஞ்சம் தாமதப்படுத்தலாம். ஏர்த் இல்லாமல் திரியும் மின்சாரத்தை அது ஒன்றும் செய்யாது.

கேள்வி: எங்கள் மூடி 0.9. கடையில் 1.1 தான் இருந்தது. 'ஹெவி' என்று கொடுத்தார்கள். நல்லதுதானே?
— மஸ்கெலியா

பதில்: மூடிக்கு ஹெவி, கோருக்குக் கண்டம். அந்த எண் எவ்வளவு அழுத்தம் வரை மூடி தாங்கிப் பிடிக்கும் என்பது. மூடி கூடத் தாங்கினால், பழைய ஹோஸும் கோரும் கூடச் சேர்ந்து தாங்க வேண்டும். உங்கள் வண்டிக்குச் சொன்ன எண்ணையே போடுங்கள்.

மலையில் மூடிக்கு வேலை கூடத்தான். நுவரெலியா 1868 மீற்றர், அங்கே வெறும் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஹட்டனில் 96 பக்கம். அழுத்தமும் கூலண்டும்தான் அந்தக் குறையை ஈடுகட்டுகின்றன. அதற்காக வலுத்த மூடியைத் தேடாதீர்கள், வலுவிழந்த மூடியை மாற்றுங்கள். அழுத்தம் மூடியால் மட்டும் கூடுவதில்லை. காலையில் ஆறிய வண்டியில் மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். கல்லாக இருக்கிறதா? மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்ததும் விடாமல் குமிழி வருகிறதா? ஹெட் கேஸ்கட் கசிந்து புகை கூலண்டுக்குள் போகிறது. கராஜில் நீல மருந்து ஊற்றிய குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்துச் சோதிப்பார்கள், நீலம் மஞ்சளானால் கேஸ்கட் போயிற்று. அதைச் சரிசெய்யாமல் போடும் கோர் நேர்த்திக்கடன்.

கேள்வி: இடது பக்கக் கார்ப்பெட் ஈரம். மழையா, ஏசியா, ஹீட்டரா?
— நனைந்த காலுக்குச் சொந்தக்காரி, வட்டவளை

பதில்: மழை நாளில் மட்டும் நனைந்தால் மழை என்று சொல்லியிருப்பேன். வட்டவளையில் மழை இல்லாத நாளைக் காட்டுங்கள் தங்கச்சி! தொட்டுப் பாருங்கள். ஏசித் தண்ணீர் தெளிவாக, வாசமில்லாமல் இருக்கும். கூலண்ட் விரல்களுக்கிடையே வழுக்கும், லேசாக இனிப்பு வாசம் அடிக்கும். புளோவரைப் போட்டதும் கண்ணாடியில் பிசுக்கு ஆவி படிந்து, துடைக்கத் துடைக்கப் பரவினால் சந்தேகமே வேண்டாம். கினிகத்தேனை வளைவுகளில் பனி மூட்டத்துக்குள் அப்படிக் கண்ணாடி மறைந்தால், காசு விஷயத்தை விட்டுவிடுங்கள், உயிர் விஷயம்.

இனிப்பு என்றேன், நாக்கில் வைக்கச் சொல்லவில்லை. எதிலீன் கிளைக்கோல் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. இறக்கிய பழைய கூலண்டை முற்றத்தில் சட்டியில் வைத்தால் நாய் நக்கும். கானில் ஊற்றினால் ஆற்றுக்குப் போய், கீழே யாரோ ஒருவருக்குக் குடிதண்ணீராகும். மூடியுள்ள கேனில் அடைத்து கராஜில் கொடுங்கள்.

கேள்வி: பீலித் தண்ணீர் சுத்தமானதுதானே? நாங்கள் குடிக்கிறோமே, என்ஜின் குடிக்காதா?
— பொகவந்தலாவை

பதில்: நீங்கள் குடித்தால் வெளியே போய்விடுகிறது. என்ஜினுக்குள் வருடக்கணக்கில் சுற்றுகிறது. ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் புது ஒட்சிசன், புது உப்பு. வழியில் ஒழுகினால் பீலிக்கரைதான் கதி, அது தப்பில்லை. வீடு வந்ததும் இறக்கிவிட்டு, கூலண்டும் வடித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி. பற்றரிக்கு ஊற்றும் தண்ணீரே வடித்த தண்ணீர்தான். பற்றரி அசிட்டை ஊற்றிவிட்டு எனக்குக் கடிதம் எழுதாதீர்கள். பச்சையில் சிவப்பைக் கலக்காதீர்கள், நிறம் ஒன்றாக இருந்தாலும் போத்தலின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

கேள்வி: மஞ்சள் தூள் போட்டால் ஒழுக்கு நிற்கும் என்று எங்கள் தாத்தா சொல்வார்.
— கொழுந்து லொறி டிரைவர், ஹட்டன்

பதில்: நிற்கும், கொஞ்ச நேரம். ஓட்டையை அடைக்கும் மஞ்சள், ஓட்டை இல்லாத நுண்குழாய்களையும் அடைக்கும். பிறகு ஹீட்டர் சூடு தராது, என்ஜின் மட்டும் சூடேறும். ஒரு காலத்தில் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தி, கடலில் கடத்தல் மஞ்சள் பிடித்த நாடு இது. கறிக்கே போடுங்கள் அண்ணே.

கேள்வி: இரண்டு ஹோஸையும் ஒன்றோடொன்று இணைத்து ஹீட்டரையே வெட்டிவிடச் சொல்கிறார்கள். கொழும்பில் எல்லோரும் அப்படித்தானாம்.
— கெப்காரர், கினிகத்தேனை (மறுபடியும்)

பதில்: கொழும்பில் வெயிலே ஹீட்டர். நீங்கள் விடியற்காலையில் கண்ணாடியில் பனியோடு ஹட்டனுக்கு ஏறுகிறவர். ஏசியால் ஓரளவு துடைக்கலாம், காலுக்குச் சூடு கிடைக்காது. ஏர்த் பார்க்கும் வரை பத்து நாளைக்கு இணைத்து ஓட்டுங்கள், தப்பில்லை. ஆனால் மின்சாரம் திரிந்தால் அது ரேடியேட்டரைத் தின்னத் தொடங்கும். அதன் விலை கேட்டுப் பார்த்தீர்களா?

புதுக் கோர் போட்டதும் காற்றை வெளியேற்ற வேண்டும். வண்டியின் மூக்கு மேலே பார்க்க நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடி திறந்தபடி ஓடவிட்டு நிரப்புவார்கள். மற்ற ஊர்க்காரர்கள் அதற்கு மேடு தேடி அலைவார்கள். கினிகத்தேனையில் சமதரை தேடித்தான் அலைய வேண்டும்.

கேள்வி: 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்தில் பாலம் உண்மையிலேயே வெடித்ததா?
— சினிமா ரசிகர், கித்துல்கல

பதில்: உங்கள் ஊரில்தான், உண்மையான பாலம், உண்மையான ரயில். படம் 1957இல் வந்தது. அந்தக் காட்சியை இலவசமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் ஏறி வந்த சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாம்.

கேள்வி: பேசாமல் வண்டியை விற்றுவிட்டால் என்ன?
— கெப்காரர், கினிகத்தேனை (விடமாட்டார்)

பதில்: 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. அந்த இடைவெளியில் பழைய கெப் எல்லாம் தங்கமாகிவிட்டது, விற்றால் காசுதான். ஆனால் வாங்க வருகிறவரும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவராக இருந்தால், என்ஜின் சத்தம் கேட்பதற்கு முன்னால் இடது பக்கக் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்ப்பார்.