ஆள் வந்தால்தான் வேலை

வேர்ட்பிரஸ் தளத்தை இணையக் கடையாக்கும் வூகொமர்ஸ் செருகியைப் புதுப்பித்ததும், தரவுத்தளத்தையும் புதுப்பிக்கச் சொல்லி மேலே ஒரு பட்டை வரும். பரந்தன் பக்கம் பனங்கட்டிக் குட்டான் விற்கும் அண்ணை அதை அமத்துவார். வேலை பின்னணியில் நடக்கிறதாம். நாள் போகும், பட்டை போகாது.

அந்த வேலையைத் தட்டிவிடும் வேர்ட்பிரஸின் உள் மணிக்கூடு தானாக ஓடாது. யாராவது தளத்தைத் திறந்தால்தான் அசையும். கடைக்கு ஆள் வரவில்லையே என்று புதுப்பித்தால், ஆள் வந்தால்தான் புதுப்பிப்பேன் என்கிறது மென்பொருள். அண்ணையே திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கிறார். அதுவும் கணக்கில் சேரும்.

அந்தத் தரவுத்தளத்தில் முன்பு ஓடர்களும் வலைப்பதிவுக் கட்டுரைகளும் ஒரே அட்டவணையில்தான் கிடந்தன. குட்டான் கணக்குக்குப் பக்கத்தில் பொங்கல் வாழ்த்து. 2023 ஒக்டோபரில் வந்த 8.2 பதிப்பிலிருந்துதான் புதுக் கடைகளின் ஓடர்களுக்குத் தனி வீடு.

அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் மருமகன் வருகிறார். அதற்குள் யாரோ பழைய செருகியைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். கோப்பு பழசு, அட்டவணை பாதி புதுசு. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

"பக்கப் இருக்கோ மாமா?"

"ஓமடா தம்பி, பத்திரமா அதே சேர்வரிலைதான் இருக்கு."

மருமகன் பெருமூச்சோடு புதுச் செருகியை மறுபடி ஏற்றி, கருந்திரையில் ஒரு கட்டளை அடித்து மிச்ச வேலையை முடிக்கிறார். சேர்வரின் சொந்த மணிக்கூட்டையும் இணைத்துவிடுகிறார். உடனே ஒரு ஓடர் விழுகிறது. பரிசோதிக்க அவரே போட்டது. அண்ணை அதைப் பொதி கட்டிவிட்டார்.