குடல் நரம்பும் லூட்டுக்காரர் பிடிவாதமும்: ஒரு சிற்றாராய்ச்சி

லூட் என்பது பேரிக்காயை நெடுக்கில் பிளந்து கழுத்து வைத்தாற்போன்ற ஐரோப்பிய வாத்தியம். அதை மீட்டுவோர் பலர், நைலான் கிடைக்கும் இக்காலத்திலும், ஆட்டுக்குடலை முறுக்கிக் காயவைத்த நரம்பையே நாடுவது ஏன்? இதுவே ஆய்வுப்பொருள். ஆங்கிலேயர் இதைப் பூனைக்குடல் என்பர். பூனைக்கு இதில் யாதொரு சம்பந்தமும் இல்லையாதலால் அதை இங்கேயே விடுவிக்கிறோம். யாழின் தந்தியை நரம்பு என்றே வழங்கிய நமக்கோ பொருள் விளங்குவதில் சிரமமில்லை.

ஒலி இனிதாதலின் விரும்பினர் எனின், அற்றன்று. மந்தரத்துக்குரிய தடித்த குடல் மந்தமாகவே முனகும். அதை மறைக்க, ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் மெல்லிய நரம்பொன்றைப் பக்கத்தில் கட்டினார்கள். துணைக்கு ஆள் வைத்த பிறகே அது இனித்தது.

நெடுநாள் உழைக்கும் எனின், அதுவும் அன்று. உச்ச நரம்பு எப்போது அறும் என்று யாரும் சொல்ல முடியாது. 1610இல் ராபர்ட் டௌலண்ட் வெளியிட்ட லூட் நூலில் அவர் தந்தை ஜான், நரம்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத் தெளிவு பார்த்து வாங்கச் சொல்கிறார். வைரத்துக்கும் ஆட்டுக்குடலுக்கும் ஒரே சோதனை.

ஈரக்காற்று பட்டால் சுருதி நழுவும் என்பது வேறு. ஜெர்மானியர் மத்தேசன் 1713இல் இதைக் கணக்காகவே போட்டார்: லூட்டுக்காரன் 80 வயது வாழ்ந்தால் 60 ஆண்டு சுருதி சேர்ப்பதில் போயிருக்கும். நாம் சரிபார்த்தோம். நாளில் மூன்றிலொரு பங்கு உறக்கம் என்றால் அதற்கே 26 ஆண்டுக்கு மேல் வேண்டும், மிச்சமோ 20. ஆகவே தூக்கத்திலும் முறுக்காணியைத் திருகியிருக்கிறார்கள். 24 நரம்புள்ள பிற்கால லூட்டைப் பார்த்தவர்கள் இதை மறுக்கமாட்டார்கள். பாரோன் என்ற லூட்டுக்காரர் மட்டும் 1727இல் தம் நூலில் மறுத்தார். எழுதுவதற்கு அவருக்கு நேரம் கிடைத்ததே மத்தேசனுக்கு எதிரான வலுவான சான்று.

இரண்டாம் உலகப்போரில் குடல் நரம்பு காயம் தைக்கப் போய்விட, கிதார்க்காரர்கள் நைலானுக்கு மாறினார்கள், திரும்பிப் பார்க்கவில்லை. லூட்டுக்காரர்களும் நைலானைக் கட்டினார்கள், தூண்டில் நரம்பைக்கூடக் கட்டிப் பார்த்தார்கள். சுருதி நின்றது. அங்கேதான் சிக்கல். நின்ற சுருதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வாசிக்கத்தான் வேண்டும்.

எனவே எம் துணிபு: இவர்கள் விரும்புவது ஒலியை அன்று, சீராட்டலை. சான்று, இங்கிலாந்தின் தாமஸ் மேஸ் 1676இல் எழுதியது. நாள்தோறும் ஆள் படுக்கும் கட்டிலில், பகலில், கம்பளிக்கும் மேல்விரிப்புக்கும் நடுவே லூட்டைப் படுக்கவைக்கச் சொல்கிறார். உடம்போடு ஒட்டும் விரிப்புக்குள் மட்டும் கூடாதாம். வியர்வை ஈரம் ஆகாது. கவனியாமல் கட்டிலில் தொப்பென்று விழுந்து நல்ல லூட்டுகளை நொறுக்கியவர்களையும் அவர் அறிவார். அவர்கள் சுருதி சேர்த்துக் களைத்து வந்தவர்களா என்பதை மட்டும் அவர் எழுதவில்லை.